கூரை எந்தப் பையில்?

கூடாரத்தை மீன் தராசில் தொங்கவிட்டுப் பார்க்கலாம் என்றது என் கணவர்தான். பெட்டியின் மேல் 4.6 கிலோ என்று அச்சடித்திருந்தது. தராசு முள் ஐந்தைத் தாண்டிப்போய் 5.3-இல் நின்றது. முளையையும் கயிற்றையும் உறையையும் விட்டுவிட்டு, துணியையும் கம்பியையும் மட்டும் நிறுத்து எழுதுகிற வழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டென்று பிறகுதான் தெரிந்தது. ஐஸோடு நிறுத்த மீனுக்கும் ஐஸைத் தட்டி நிறுத்த மீனுக்கும் வித்தியாசம் தெரிந்த எருக்கலம்பிட்டிக்காரர்கள் நாங்கள். அப்படியும் ஏமாந்தோம்.

உம்மா விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ள எத்தின பேர் படுக்கலாமாம்?"

"நாலு பேர் உம்மா. பெட்டியில போட்டிருக்கு."

முற்றத்தில் விரித்துக் கட்டியதும் உம்மா எழுந்துவந்து உள்ளே குனிந்து பார்த்தார். கையால் சாண் போட்டார். "நாலு பூனையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வில்பத்துக் காட்டில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். அதற்கு முன் ஊர்க் கரையில் ஓர் இரவு ஒத்திகை. இதைச் சொன்னபோது எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் மறுக்கவில்லை. ஆனால், காசு கொடுத்து வாங்கிய வீட்டுக் கூரையை விட்டுவிட்டுத் துணிக் கூரைக்குள் பிள்ளைகளைப் படுக்க வைக்கப் போகிறோம் என்பதைப் புரிந்துகொள்ள அவர்களுக்குச் சற்று நேரம் எடுத்தது. அந்தத் தயக்கத்தின் காரணத்தைத்தான் இங்கே எழுத வந்தேன். கூடாரம் வாங்குவது பற்றியும் எழுதுவேன்.

மன்னாரிலிருந்து தலைமன்னார் போகும் வீதியை விட்டு வடக்கே திரும்பினால் எங்கள் ஊர். பெயரைப் பிரித்தால் எருக்கலையும் பிட்டியும் கிடைக்கும். எருக்கலைச் செடி இன்றும் வேலியோரம் முளைக்கிறது. பிட்டி என்றால் மேடு. மாரியில் சுற்றிவரத் தண்ணீர் நிற்கிற தரவையில் காய்ந்து கிடக்கிற மேட்டைப் பார்த்துத்தான் முதலாவது ஆள் கொட்டில் போட்டிருப்பான். கூடாரம் அடிக்க இடம் தேடுகிறவனுக்கு இன்றைக்கும் முதல் பாடம் அதுதான். ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கூரையை யாரும் சுமந்து திரியவில்லை. போகிற இடத்தில் பனை இருந்தது. உம்மாவின் வாப்பா கடலுக்குப் போகிறவர். மணல் தீடைகளிலோ வேறு கரைகளிலோ இரவு தங்க நேர்ந்தால், வள்ளத்தின் பாயை இறக்கி, இரண்டு துடுப்பைச் சாய்த்து நட்டு, அதன் மேல் போர்த்திவிட்டு உள்ளே படுப்பாராம். படுக்கிறதும் பாய், காற்றுக்கு விரிக்கிறதும் பாய். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் ஏன் வந்தது என்று பண்டிதர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது, அவருக்கு இரண்டும் ஒரே துணிதான். நாலு நாள் தங்குவதென்றால் வாடி. கம்பு நாலு, பனையோலை, கட்ட நார். சீசன் முடிந்து திரும்பும்போது கம்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு வருவார்கள், ஓலை மண்ணாகிவிடும்.

இந்தக் கரையில் இப்படி ஒரு பட்டினமே எழுந்து மறைந்ததுண்டு. எங்களுக்குத் தெற்கே சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக் குளிப்பு நடந்த ஆண்டுகளில், ஆளில்லாத மணல்வெளியில் பல்லாயிரம் பேருக்கு ஓலையால் தெருவும் கடையும் கச்சேரியும் போடுவார்கள். சில வாரங்களில் குளிப்பு முடியும். பிறகு அந்த இடத்தில் சிப்பி ஓடும் நாற்றமும்தான் மிஞ்சும். குளிப்பை மேற்பார்வை செய்ய வந்த பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த், அரிப்பில் தனக்கு மட்டும் செங்கல்லால் மாளிகை கட்டிக்கொண்டார். அது இடிந்து சரிந்து கடலை நோக்கி நிற்கிறது. ஓலை போட்டவர்கள் எதையும் இழக்கவில்லை.

1990-க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவில் குடும்பமொன்றுக்கு எடுத்துச் செல்ல அனுமதித்தது ஐந்து பயணப் பைகள், 2,000 ரூபாய், ஒரு பவுண் நகை. யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அவ்வளவும் இல்லை. எங்கள் ஊர்ச் சனம் வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிக்குப் போனது. நான் அப்போது பிறக்கவில்லை. காக்காவுக்கு நாலு வயது, ராத்தாவுக்கு ஒன்று.

கூடாரப் பயணத்துக்குப் பொதி கட்டும்போது என் மகள் ஒரு பட்டியல் எழுதினாள். அதைப் பார்த்துத்தான் உம்மா தன் ஐந்து பைகளின் பட்டியலைச் சொன்னார். அதுவரை நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. ஒரு பை பிள்ளைகளின் உடுப்பு. ஒரு பை அரிசி, சீனி, பால்மா. ஒன்றில் குர்ஆன், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள். ஒன்றில் சட்டி, அகப்பை, இரண்டு கோப்பை. கடைசிப் பையில் வாப்பாவின் சாரங்கள், உம்மாவின் இரண்டு சாரி, ஒரு போர்வை. பையோடு சேர்த்துச் செருகியது பனையோலைப் பாய் ஒன்று.

"கூரை எந்தப் பையில உம்மம்மா?" என்று மகள் கேட்டாள். அவள் பட்டியலில் முதலாவதாக எழுதியிருந்தது 'டென்ட்'.

"கூரைய ஆரு கொண்டு போவா" என்றார் உம்மா.

கடலில் மழை. மாரி தொடங்குகிற மாதம் அது. வள்ளத்தில் பெரியவர்கள் சாரத்தின் நாலு மூலையையும் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்தார்களாம். எங்கள் குடும்பத்தின் முதலாவது கூடாரம் அந்தச் சாரம்தான். கம்பி இல்லை, முளை இல்லை, நாலு கை.

கரையேறியதும் பள்ளிவாசல், பாடசாலை, தெரிந்தவர் வீட்டு விறாந்தை. பிறகு புத்தளம் மாவட்டத்துத் தென்னந்தோப்புகளில் கொட்டில்கள். எங்கள் ஊரவரில் பலர் சேர்ந்தது பாலாவிக்குப் பக்கத்து நாகவில்லில். எருக்கலம்பிட்டி என்ற பெயரும் அவர்களோடு அங்கே போய்க் குடியேறியது.

அங்கே ஒரு சின்ன விசயம், யாரும் எழுதி வைக்காதது. மன்னார்ப் பெண்களுக்குப் பனையோலைதான் கை வந்தது. புத்தளம் தென்னை நாடு. கிடுகு பின்ன உம்மாவுக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துச் சிங்களப் பெண் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார், பாதி சைகையில். மட்டையை நடு நரம்போடு இரண்டாகக் கிழிக்க வேண்டும். சில நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கும்போது ஓலை முறியும். பிறகு குந்தியிருந்து, ஓரோலை மேலே, ஓரோலை கீழே என்று நுனி வரை பின்னிக்கொண்டு போய் முடிச்சுப் போட வேண்டும். முதல் நாள் உம்மா பின்னிய கிடுகு கோணல். இரண்டாம் மாதம் மற்றவர்களுக்கு விற்கும் அளவுக்குக் கை ஓடியது.

நான் 1993-இல் அப்படியொரு கொட்டிலில் பிறந்தேன். ஆறேழு வயதில் என் வேலை, வேய்கிறவருக்குக் கிடுகு எடுத்துக் கொடுப்பது. காய்ந்த கிடுகு பாரமே இல்லை, இரண்டு மூன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடலாம். நனைந்த கிடுகை ஒன்று தூக்கவே கழுத்து வலிக்கும். இன்று கடையில் ஒரு துணியைத் தொட்டுப் பார்த்து 'நனைந்தால் எவ்வளவு பாரம் வரும்' என்று நான் கேட்டால் விற்பவர் விழிக்கிறார். அந்தக் கேள்வி எனக்குக் கழுத்திலிருந்து வருகிறது.

கிடுகுக் கூரை ஒன்றரை வருசம் தாங்கும், நல்ல சாய்வு இருந்தால் இன்னும் கொஞ்சம். மாரிக்கு முன் மாற்ற வசதியில்லாத வருசங்களில் ஒழுகும். ஒழுகுகிற இடத்துக்குச் சட்டி, ஒழுகாத இடத்துக்குப் பிள்ளைகள். ஆனால் அந்தக் கொட்டிலில் ஒன்று இருந்தது, இன்றைய எந்தக் கூடாரத்திலும் இல்லாதது: வளை. குறுக்கே போட்ட அந்த மரத்தில்தான் உம்மாவின் சாரியால் ஏணை கட்டியிருந்தது. நானும் எனக்குப் பின் தம்பியும் அதில்தான் தூங்கினோம். கீழே தண்ணீர் வந்த இரவுகளில்கூட ஏணைக்குள் காய்ந்திருந்ததாம்.

தற்காலிகம் என்று போட்ட கொட்டில்கள் பதினேழு பதினெட்டு வருசம் இருந்தன. 2007-இல் உலக வங்கி நிதியோடு புத்தளம் வீட்டுத் திட்டம் தொடங்கிய பிறகுதான் பலருக்குச் சுவரும் ஓடும் வந்தன. 2009-இல் போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பியவர்கள் வீடு இருந்த இடத்தில் எருக்கலையும் உடைமரமும் கண்டார்கள். மறுபடியும் முதலில் கொட்டில், இம்முறை தகரம். தகரம் ஒழுகாது. பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே பிள்ளையைப் படுக்க வைக்க முடியாது, அவ்வளவுதான். அதே ஆண்டில் செட்டிகுளம் மெனிக் பாமில் வன்னிச் சனம் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தறப்பாளுக்குக் கீழே இருந்தார்கள். கிடுகு, தகரம், தறப்பாள் என்று எங்கள் பக்கத்துத் தமிழில் கூரைச் சொற்களுக்குக் குறைவில்லை.

இனி இன்று.

இடம்பெயர்ந்தவர்களுக்கான உறைவிடத்தில் ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் தரை வேண்டும் என்று உலக அளவிலான நிவாரண நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட ஸ்பியர் அளவுகோல் சொல்கிறது. எங்கள் 'நாலு பேர்' கூடாரத்தின் தரை 2.1-க்கு 2.1 மீற்றர். ஒருவருக்கு 1.1 சதுர மீற்றர். உம்மாவின் பூனைக் கணக்கு சரி. கூடாரக்காரர்களின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்ப்பது நல்லது. நாங்கள் செய்யவில்லை.

ஒத்திகை இரவு ஜூலையில் வைத்தோம். அது அடுத்த பிழை, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதம். மணலில் முளை நிற்கவேயில்லை, இழுத்தால் வெண்ணெயில் குத்திய ஈர்க்கு மாதிரி வந்தது. உரப் பைகளில் மணல் நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டினோம், அது நின்றது. பத்து மணியளவில் காற்று ஏறியது. கண்ணாடி நார்க் கம்பி ஒன்று வளைந்து வளைந்து கடைசியில் நார் நாராகப் பிளந்தது. கூரை என் கணவரின் முகத்தில். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. கம்பியைச் சீலையால் சுற்றிக் கட்டிப் படுத்தோம். மூன்று மணிக்கு வெளியில் கனமாக மூச்சு விடுகிற சத்தம், கூடாரம் ஒரு பக்கம் சாய்கிறது. மகன் 'கரடி' என்று கத்தினான். ரோச் அடித்துப் பார்த்தால் கழுதை. மன்னாரில் கழுதைக்கு எங்கேயும் போக உரிமை உண்டு. கயிற்றில் முதுகு சொறிந்துகொண்டு நின்றது.

காற்று நின்றபோதுதான் உண்மையான கஷ்டம். மழைக்குப் பயந்து வெளித் துணியை அடிவரை இழுத்துப் பூட்டியிருந்தோம். உள்ளே நாலு பேரின் மூச்சு. விடியும்போது துணியின் உட்புறம் வியர்த்து, சொட்டுச் சொட்டாகப் பிள்ளைகளின் மேல் விழுந்தது. மழை இல்லாத இரவில் நனைந்தோம். பனையோலைக் கூரை மூச்சு விடும், இது விடாது. குளிர் நாட்டுக்காரர் தங்கள் இரவுக்குத் தைத்ததை நாங்கள் எங்கள் இரவில் விரித்திருந்தோம்.

இரண்டாவது கூடாரத்தை ஆறு மாதம் யோசித்து வாங்கினோம். விலை முதலாவதைப் போல மூன்று மடங்கு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உள்கூடு முழுவதும் வலை. வெளித் துணி தனி, வேண்டாத நேரம் சுருட்டி மேலே கட்டலாம். அலுமினியக் கம்பி, காற்றுக்கு வளையும், நாராகப் பிளக்காது. துணி பொலியெஸ்ரர். நைலோன் இன்னும் இலேசு. ஆனால் நனைந்தால் தொய்யும், நடு இரவில் எழுந்து கயிறு இறுக்க வேண்டும், நம் வெயிலில் சீக்கிரம் இற்றும் போகும். முளை இல்லாமலே தானாக நிற்கிற வகை. மணலில் இது பெரிய வசதி. தரை 2.4-க்கு 2.2. உம்மா மறுபடியும் சாண் போட்டார், இம்முறை பூனையை இழுக்கவில்லை.

தராசில் 3.1 கிலோ. பெட்டியில் 2.8.

இரண்டு கிலோ மிச்சம் பிடிக்க மூன்று மடங்கு காசா என்று கேட்டார்கள். ஐரோப்பாவில் மலையேறுகிறவர்கள் பற்தூரிகையின் பிடியைக்கூட வெட்டிப் பாரம் குறைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அங்கே ஓடை நெடுகத் தண்ணீர். நம் வறண்ட கரையில் நாலு பேருக்கு இரண்டு நாள் குடிக்கவும் சமைக்கவும் குறைந்தது 25 லீற்றர் வேண்டும், அது 25 கிலோ. இதற்குப் பக்கத்தில் கூடாரத்தின் இரண்டு கிலோ ஒன்றுமில்லை. முன்னைய ஆட்கள் கூரையையும் சுமக்கவில்லை, தண்ணீரையும் சுமக்கவில்லை. மணல் மேட்டுக்குப் பின்னால் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்தார்கள். ஆகவே பாரத்துக்காக நான் காசு கொடுக்கவில்லை. வலைக்காகக் கொடுத்தேன்.

வலை எனக்கு ஏன் முக்கியம் என்றால், நுளம்பு. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. எங்கள் மாவட்டத்துக்கு அது பெரிய செய்தி, மலேரியாவில் நடுங்காத குடும்பம் இங்கே குறைவு. அடுத்த சில மாதங்களிலேயே மன்னார்த் தீவின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புது வகை நுளம்பின் குடம்பிகளைக் கண்டுபிடித்தார்கள். மலேரியாவைப் பரப்பக்கூடிய, நகரங்களிலும் பெருகக்கூடிய நுளம்பு அது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். பிள்ளைகளோடு வெளியில் படுப்பவர் வலையின் கண் எவ்வளவு நெருக்கம், கதவுப் பூட்டு அடிவரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மழை ஓர் இரவை மட்டும் கெடுக்கும்.

பெப்ரவரியில் வில்பத்துப் போனோம். வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய தங்குமிடத்தில், முன்பதிவு செய்து. 1938 முதல் தேசியப் பூங்கா. போர்க் காலத்தில் பெரும்பாலும் பூட்டிக் கிடந்து 2010-இல் மீண்டும் திறந்தது. கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிறுத்தையும் கரடியும் யானையும் உள்ள காடு. பாலைப்பழக் காலத்தில் கரடிகள் அந்த மரங்களைச் சுற்றியே நிற்கும். சாப்பாட்டு வாசனை எதையும், பிள்ளையின் பிஸ்கட் பக்கற் உட்பட, கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. மன்னார்ப் பெருநிலப்பரப்பில் எங்காவது மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்பு மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அங்கிருந்தே திரும்ப வேண்டும், பிள்ளை பந்தை எறிந்திருந்தாலும் சரி.

பாரத்தைப் பிரித்துக்கொண்டோம். துணி கணவருக்கு, கம்பியும் வலையும் எனக்கு. எட்டு வயதுக்காரிக்கு அவளுடைய உடுப்பும் தண்ணீர்ப் போத்தலும்; அவள் எடையில் பத்தில் ஒன்றுக்கு மேல் கொடுக்கவில்லை. ஐந்து வயதுக்காரன் ஒரு ரோச்சை மட்டும் சுமந்தான், கடைசியில் அவனையே சுமக்க வேண்டியதாயிற்று.

உம்மாவையும் அழைத்துப் போனோம். அவர் முதலில் கேட்டது, "வாசல எந்தப் பக்கம் வெக்கிறீங்க?" வாடைக் காற்றுக்கு முதுகைக் காட்டித் தென்மேற்கே வைத்தோம். உள்ளே குனிந்து கூரையைப் பார்த்தார். நடுவில் விளக்குத் தொங்கவிட ஒரு சின்ன வளையம் தைத்திருந்தது. விரலை விட்டு இழுத்துப் பார்த்தார்.

"ஏணை தாங்காது" என்றார்.

"ஏணையில போடப் புள்ள இல்லையே உம்மா."

"இல்லாட்டியும்."

இரவு மகன் உம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டான்: "உம்மம்மா, நீங்களும் முந்தி டென்ட்டில இருந்தீங்களாமே. ஜாலியா இருந்திச்சா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உம்மா யோசித்துத்தான் சொன்னார்: "மழை பெய்யாத நாளில இருந்திச்சு வாப்பா. உன்ட மாமா கிடுகு ஓட்டையால வெள்ளி எண்ணுவான்."

உடனே கணவர் எழுந்து வெளித் துணியைச் சுருட்டி மேலே கட்டினார். வலைக்கு மேலே வானம் நிறைய வெள்ளி. மகன் முப்பது வரை எண்ணித் தூங்கிவிட்டான். மகள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளைகளோடு எங்கள் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வாருங்கள். சோளகத்தில் வேண்டாம், மாரியில் வேண்டவே வேண்டாம். வாங்கிய கூடாரத்தை முதலில் உங்கள் முற்றத்தில் ஓர் இரவு அடித்துப் படுத்துப் பாருங்கள். தண்ணீர் நீங்கள் நினைப்பதைவிட ஐந்து லீற்றர் கூடக் கொண்டுவாருங்கள். முடிந்தால் மன்னார்ச் சந்தையில் ஒரு பனையோலைப் பாய் வாங்கிக்கொள்ளுங்கள். உம்மாவுடையதையும் நாங்கள் தராசில் போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.